மொட்டை மாடியில் வேலையின்மை ஒழிப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உலகத்தை நெடுங்காலமாக வாட்டி வதைத்துவரும் இளைஞர் வேலையில்லாத் திண்டாட்டம் எனும் கொடுமைக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள் நமது குடியிருப்போர் நலச் சங்கம் முடிவு கட்டும். இடம்: மொட்டை மாடிக் கூடம். முடிவு கட்டியபின் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்படும். அனைவரும் வருக. செருப்பைப் படிக்கட்டில் விடாதீர்கள்.

லிஃப்ட் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தது குட்டி. அச்சடித்து வந்தது குட்டி. பசை தடவி ஒட்டியதும் குட்டி. செருப்பு பற்றிய கடைசி வரி மட்டும் தலைவர் யோசித்து யோசித்துப் பேனாவால் சேர்த்தது.

குட்டி என்றதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற உருப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வயது இருபத்தைந்து. நிமிர்ந்து நின்றால் அம்மாவின் தையல் மிஷினுக்கு மேலே தொங்கும் பல்பு நெற்றியில் இடிக்கும். வணிகவியலில் பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கணக்கெடுத்தால் தேறுவது அவள் ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது அந்தந்த ஊர்ச் சங்கத்தின் கவலை.

வேலையில்லாதவள் என்று பேர்தானே தவிர, குட்டிக்கு மூச்சு விட நேரமில்லை. "குட்டி, நீ சும்மாதானே இருக்கே?" என்று யாராவது கேட்டால் அது கேள்வி அல்ல, உத்தரவு. முதல் மாடிப் பல் டாக்டர் வீட்டுக்கு வாஷிங் மிஷின் ரிப்பேர்காரர் வருவார். டாக்டரோ கிளினிக்கில் யார் வாயிலாவது கையை விட்டுக்கொண்டிருப்பார். கதவைத் திறந்துவிடக் குட்டி. இரண்டாம் மாடி டீச்சரின் பேத்தியைப் பள்ளி வேனிலிருந்து இறக்கிக் கூட்டி வரக் குட்டி. லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே இருப்பவர் முதலில் கூப்பிடுவது குட்டியைத்தான், கடவுளை அப்புறம்.

இதெல்லாம் போக, பார்சல். பகலில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆன்லைனில் எதையாவது ஆர்டர் செய்துவிட்டு எல்லாரும் டெலிவரி ஆளிடம் பாடுவது ஒரே பல்லவி: "மூணாவது மாடியில கொடுத்துடுங்க, அங்கே ஒரு பொண்ணு சும்மாதான் இருக்கு." ஆகவே குட்டி வீட்டுக் கூடத்தில் பாதி தையல் மிஷின், மீதிப் பாதி ஊரார் பார்சல். சுவரோரம் இரும்பு அலமாரி. மாடிக்கு ஒரு தட்டு. கனமானது கீழே, உடையக்கூடியது மேலே, அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியது ஜன்னல் ஓரம். சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கின கையோடு ஒரு புத்திமதியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"என்னம்மா, இன்னும் ஒண்ணும் கிடைக்கலியா? முயற்சி பண்ணணும். வீட்டுக்குள்ளேயே உக்காந்திருந்தா எப்படி?"

வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திராவிட்டால் அவர் கையிலிருக்கும் புது மிக்ஸி தெருவில் நின்றிருக்கும் என்று குட்டி சொல்லமாட்டாள். "சரி அங்கிள்" என்பாள்.

அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் மனுப் போட்டுவிட்டாள். 'உங்களுக்கு வேலை கிடையாது' என்று சொல்லக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரிடமே போய் நின்றாள். "உன்னைவிட நல்ல பொண்ணு கிடைக்குமாம்மா?" என்று உருகிய டாக்டர், "ஆனா அனுபவம் உள்ள ஆளாத்தான் பார்க்கிறேன்" என்று முடித்துவிட்டு, வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் வருகிறதாம்.

இப்படி இருக்கையில்தான், லிஃப்டில் அறிவிப்பு ஒட்டின மறுநாளே, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பார்சல் கிடங்கிலிருந்து குட்டிக்குச் செய்தி வந்தது. சரக்கு பிரிக்கும் பகுதிக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். ஞாயிறு பதினொரு மணிக்கு மேலாளர் மேடம் போனில் நேர்காணல் செய்வார். இரண்டு முறை கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் அடுத்த ஆள்.

இரண்டு வருஷத்தில் முதல் நேர்காணல். அம்மாவுக்குத் தையல் ஓடவில்லை.

"நல்ல வெளிச்சத்துல நின்னு பேசுடி."

"போன்லம்மா. மூஞ்சி தெரியாது."

"தெரியாட்டி என்ன? தலையை ஒழுங்கா வாரிக்கோ. பரட்டைத் தலையோட பேசினா குரல்லயே தெரிஞ்சுடும்."

தலை ஒரு பிரச்சினை இல்லை. சிக்னல்தான் பிரச்சினை. அந்தக் கட்டடத்துக்குள் போன் பேசுவதென்றால் ஒரு வார்த்தை விழும், ஒரு வார்த்தை விழாது. தெருவுக்கு இறங்கலாமென்றால் எதிரே இரும்பு வெட்டும் பட்டறை, ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது. தெளிவாகக் கேட்கிற ஒரே இடம் மொட்டை மாடி. அங்கேதான் அதே நேரத்தில் வேலையின்மைக்கு முடிவு கட்டப்போகிறார்கள்.

குட்டி தலைவரைத் தேடிப் போனாள். தலைவர் ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை. கண்காணிப்பு பிடித்துப் போனதால் அதை மட்டும் தொடர்கிறார்.

"அங்கிள், கூட்டத்தைச் சாயங்காலம் வச்சுக்கலாமா? பதினொரு மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ. போன்லதான். மாடியிலதான் சிக்னல் கிடைக்கும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய விஷயம் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"குட்டி, இது என்ன கூட்டம்?"

"வேலையில்லாத் திண்டாட்டக் கூட்டம், அங்கிள்."

"எவ்வளவு பெரிய பிரச்சினை! யாரோ ஒருத்தருக்கு இன்டர்வியூங்கறதுக்காக அதைத் தள்ளிப்போட முடியுமா? சொந்த விஷயத்தைப் பொது விஷயத்துல கலக்கக் கூடாதும்மா."

"அந்தப் பிரச்சினையே நான்தானே அங்கிள்?"

"அதனாலதான் சொல்றேன், நீ கண்டிப்பா இருக்கணும். நீ இல்லேன்னா நாங்க யாரைப் பார்த்துப் பேசுறது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம் மைக்கை யாரு பாத்துக்கறது?"

ஞாயிறு வந்தது. நாற்காலிகளைக் குட்டி மேலே ஏற்றினாள். லிஃப்டில் நாற்காலி ஏற்றக் கூடாது என்பது சங்கத்தின் விதி என்பதால் படிக்கட்டு வழியாக ஏற்றினாள். பல் டாக்டர் தன் புது ஸ்பீக்கரைக் கொடுத்து உதவியிருந்தார். குடம் அளவு இருக்கும். கூடவே ஒரு மைக்.

"இதுக்கு வாய் மட்டும் இல்லை, காதும் உண்டு," என்றார் டாக்டர் பெருமையாக. "போனை இதோட இணைச்சுட்டா, தள்ளி நின்னே பேசலாம். நாம பேசறதை இதுவே வாங்கி அந்தப் பக்கம் அனுப்பிடும். கம்பியே வேண்டாம்."

எல்லாரும் வந்து உட்காரும்வரை மெல்லிசை ஓடட்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். குட்டி தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்து இசையை ஓடவிட்டாள். பிறகு இசையை நிறுத்தினாள். இணைப்பைத் துண்டிக்க மறந்தாள். அதற்குள் நாற்காலி பத்தவில்லை என்று யாரோ கூப்பிட்டதுதான் காரணம்.

கூட்டம் களை கட்டியது. இளைஞர் தரப்பு கூடத்தின் ஓரத்தில், மைக் ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

தலைவர் தொடங்கினார். "எங்க காலத்துல வேலை வீடு தேடி வந்ததா? இல்லை! நாங்கதான் தேடிப் போனோம்!" தேடிப் போனது சத்தியம். தாய்மாமன் பின்னாலேயே போனார். மாமா அந்த அலுவலகத்தில் தலைமை எழுத்தர். போய்ச் சேர்ந்தவர் ஓய்வு வயது வந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் இரண்டு முறை நீட்டிப்பு வாங்கினார். அந்த நாற்காலிக்காகக் காத்திருந்த பையனுக்கு வழுக்கை விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்து பல் டாக்டர். "வேலை கேக்கிற புத்தி போகணும். சொந்தமாத் தொழில் தொடங்கணும். என்னைப் பாருங்க!" எல்லாரும் பார்த்தார்கள். அப்பா விட்டுப்போன கிளினிக்கை, அப்பா விட்டுப்போன நோயாளிகளோடு, ஒண்டியாக நின்று தொடங்கியவர்.

மூன்றாவதாக டீச்சர். "இந்தக் காலத்துப் பசங்க போனை விட்டு நிமிர்ந்து பார்த்தாலே பாதி வேலை தானா வந்துடும். எப்பப் பாரு போன், எப்பப் பாரு..." அதற்குள் அவர் கைப்பையில் மணி அடித்தது. "ஒரு நிமிஷம், என் தங்கச்சி," என்று மேடையிலேயே எடுத்துப் பேசினார். தங்கச்சி வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்பது சபைக்குத் தெரியவந்தது.

இதற்குள் தலைவர் மறுபடி எழுந்து, "உழைப்பின் மகிமை" என்று தொடங்கினார். குட்டி மணியைப் பார்த்தாள். மைக்கைத் தலைவர் கையிலேயே திணித்துவிட்டு, பூனை மாதிரி நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தலையை ஒருமுறை தடவிச் சரிசெய்துகொண்டாள். பாழாய்ப்போன அம்மா!

போன் கையில் அதிர்ந்தது. எடுத்தாள். "ஹலோ... ஹலோ மேடம்?" காதில் ஒரு சத்தமும் இல்லை.

கூடத்தில் இருந்தது சத்தம். உழைப்பின் மகிமைக்கு நடுவே குடம் அளவு ஸ்பீக்கர் கணீரென்று பேசியது: "வணக்கம். நீங்கதானே வேலைக்கு மனுப் போட்டிருந்தது?"

தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மைக் தன் கையில்தான் இருக்கிறது, ஆகவே கேள்வியும் தன்னைத்தான் என்று முடிவு செய்தார்.

"நானா? நான் ரிட்டயர் ஆனவன்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நல்ல வேலையா இருந்தா யோசிக்கலாம்."

குட்டி தொட்டிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள். "மேடம், நான்தான்! நான்தான் மனுப் போட்டது!"

"அப்ப முன்னாடி பேசினது யாரு? அங்கே என்ன கும்பல்?"

"ஒரு கூட்டம் மேடம்."

"என்ன கூட்டம்?"

"வேலையில்லாத் திண்டாட்டம் மேடம்."

ஸ்பீக்கர் மேலும் கிளறவில்லை. "சரி. எனக்கு இன்னும் நிறைய பேரைக் கூப்பிடணும். நேரா விஷயத்துக்கு வரேன்."

குட்டி போனில் இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. எங்கே தொட்டால் எது போகும் என்று நிச்சயமில்லை. ஸ்பீக்கரைத் துண்டிக்கப் போய் மேடத்தையே துண்டித்துவிட்டால்? அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. இந்த ரெண்டு வருஷமும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

இதற்கு அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார்கள். அதில் 'திறன் மேம்பாடு' என்றெல்லாம் வரும். அந்த நேரத்தில் அது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து ஊறிப்போன வார்த்தைதான் வாயில் வந்தது.

"சும்மாதான் இருந்தேன் மேடம்."

கட்டடத்தில் எல்லாரும் நாள் தவறாமல் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவள் வாயால் கேட்டபோது டீச்சருக்குத் தன் வீட்டுக்குள் யாரோ கல்லெறிந்த மாதிரி இருந்தது. விருட்டென்று எழுந்தார்.

"யாரு, இவளா சும்மா இருந்தா? ஏண்டி இப்படிப் புளுகறே? ஹலோ, இங்கே பாருங்க! என் பேத்தியை ஒரு நாள்கூட விட்டதில்லை இவ. வேன் சீக்கிரம் வந்தாலும் நிப்பா, லேட்டா வந்தாலும் நிப்பா!"

"நீங்க யாரு?"

"டீச்சர்!"

"என் வீட்டுச் சாவியே இவகிட்டதான் இருக்கு," என்று பல் டாக்டர் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து கத்தினார். "எங்க அம்மாகிட்டகூடக் கொடுத்ததில்லை!"

"கட்டடத்துப் பார்சல் மொத்தமும் இந்தப் பொண்ணுதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பார்சலா?" ஸ்பீக்கரின் தொனி மாறியது. "எப்படி வாங்கி வைக்கிறீங்க? எப்படிப் பிரிக்கிறீங்க?"

இப்போதுதான் குட்டிக்குத் தரையில் கால் பாவியது. அலமாரி, தட்டு, கனம், கண்ணாடிச் சாமான், ஜன்னலோரம் எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாள். தள்ளுபடிக் காலத்தில் தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவதையும் சேர்த்தே சொன்னாள்.

"இதுவரைக்கும் எதுவும் காணாமப் போனதுண்டா?"

"ஒண்ணு போச்சு," என்றார் தலைவர் கடமை தவறாமல். "என்னோட ஷூ."

"அது உங்க கட்டிலுக்கு அடியிலேயே கிடைச்சுதே அங்கிள்."

"கிடைச்சுது. ஆனா போனது போனதுதானே?"

ஸ்பீக்கரில் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. "சரி. நாளைக்கே வந்து சேர முடியுமா?"

குட்டி வாயைத் திறக்குமுன் சபை திறந்துவிட்டது.

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு ஏசி மெக்கானிக் வராரே!"

"ஐயையோ, பேத்தியை யாரு இறக்கறது?"

"எனக்குக் கட்டில் வருது, அவ்வளவு பெரிய கட்டில்!"

"நான் வேணும்னா கிளினிக்லயே வேலை போட்டுத் தரேனே," என்றார் பல் டாக்டர் திடீர் ஞானம் வந்தவராக. "அனுபவமெல்லாம் வேண்டாம்!"

தலைவர் மைக்கை ஓங்கித் தட்டி அமைதியை வரவழைத்தார். இப்படிப்பட்ட தருணங்களுக்காகத்தான் அவர் கண்காணிப்பாளராகப் பிறந்தது.

"மேடம், சங்கத் தலைவர் பேசறேன். அப்படித் திடுதிப்புன்னு எல்லாம் அனுப்பிட முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மாசமாவது முன்கூட்டியே நோட்டீஸ் தரணும்."

"அப்படியா? அவங்க உங்ககிட்ட வேலை பாக்கறாங்களா?"

"வேலையா?" தலைவர் புண்பட்டுப் போனார். "சேச்சே! அவ வேலையில்லாத பொண்ணு மேடம்."

இந்தத் தடவை ஸ்பீக்கர் வாய்விட்டே சிரித்தது. மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் ஆடினாற்போல இருந்தது. சிரித்து முடித்து மேலாளர் சொன்னார்: "வேலைக்கு ஆள் எடுக்கறதையே என் பொழப்பா வச்சிருக்கேன். இவங்களை எடுத்துக்கோங்கன்னு சிபாரிசு வரும். விடமாட்டோம்னு ஒரு ஊரே நின்னு சண்டை போட்டு இப்பத்தான் கேக்கறேன். நாளைக்குக் காலையில வந்துடும்மா. உன்னை நான் எடுத்தாச்சு."

அதற்குள் குட்டியின் கட்டைவிரல் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. மேலாளர் கடைசியாகச் சொன்னது ஒரு வரி. அது அவள் காதில் மட்டும் விழுந்தது. "சரி மேடம்," என்றாள். ஒரு நொடி கழித்து, இன்னும் தெம்பாக, "பரவாயில்லை மேடம், வந்துடறேன்!"

தேநீர் ஃபிளாஸ்கோடு படியேறி வந்த அம்மாவை அவள் அப்படியே கட்டிக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் அம்மா ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் சொல்லலை? எல்லாம் தலை வாரினதாலதான்."

கூடத்தில் கைதட்டல் பறந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர் சாவியைத் திருப்பிக் கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தார். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. வாய் நிறைந்திருந்ததால் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது: "நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. இளைஞர்களுக்குத்தான் உழைக்க மனமில்லை."

"இதைக் கொஞ்சம் டைப் அடிச்சு ஒட்டிடு குட்டி," என்றார் தலைவர். "நாளைக்குத்தானே சேர்றே? இன்னிக்குச் சும்மாதானே இருக்கே."

அடித்து ஒட்டினாள். நாற்காலிகளையும் இறக்கினாள். அவள் அன்றைக்கு இருந்த இருப்புக்கு, கட்டடத்தையே இறக்கி வைக்கச் சொன்னாலும் வைத்திருப்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், கிடங்கில் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்கோட்டோடு குட்டி வீடு திரும்பினாள். கால் கடுத்தது, ஆனால் படிக்கட்டில் ஏறும்போது பாட்டு வந்தது. படிக்கட்டில் ஏறியதற்குக் காரணம், லிஃப்டை மறித்துக்கொண்டு அந்த அவ்வளவு பெரிய கட்டில் நின்றிருந்தது. அதன்மேல் நாலைந்து பார்சல்கள். ஏசி மெக்கானிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். டீச்சர் தானே போய்ப் பேத்தியை இறக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேத்தி, "குட்டியக்கா மாதிரி உனக்குக் கதை சொல்லத் தெரியலை," என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தாளாம்.

கட்டில் மேலாக எட்டிப் பார்த்தால் லிஃப்டுக்குள் புது அறிவிப்பு தெரிந்தது. தலைவரே கைப்பட எழுதித் தலைவரே ஒட்டியது. அதனால் கோணலாக இருந்தது.

இதனால் சகலருக்கும் பெருமையுடன் அறிவிப்பது யாதெனில், நமது சங்கத்தின் ஒரே ஒரு கூட்டத்தின் விளைவாக, இக்கட்டடத்தில் இளைஞர் வேலையின்மை நூறு சதவீதம் ஒழிக்கப்பட்டது. இச்சாதனையைப் போற்றும் வகையில் தலைவருக்கு வருகிற ஞாயிறு பாராட்டு விழா. மேலும், பகல் வேளையில் பார்சல் வாங்கி வைக்கத் துடிப்புள்ள இளைஞர் ஒருவர் தேவை. முன் அனுபவம் அவசியம். ஊதியம் கிடையாது.

குட்டி இரண்டு முறை படித்தாள். கோணலாக இருந்த தாளை, கட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டி, நேராக்கி ஒட்டினாள்.

மேலாளர் கடைசியாக அவள் காதில் மட்டும் போட்ட வரி இதுதான்: வேலை மூன்று மாதத்துக்குத்தான்.